இந்த வாரம் யார் முறை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை நீயே போனில் சொன்னாய், அதனால் அதைத் திரும்பக் கேட்டு மையை வீணாக்கவில்லை. வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கட்டும். நானும் நலம், நீ கேட்கும்போதெல்லாம் சொல்வேனே, அதே நலம்தான். முட்டி வலியும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று முகம் சுளிப்பாய். போனில் எழுதினால் நீ படித்து முடிப்பதற்குள் அண்ணனுக்குத் தள்ளிவிட்டிருப்பாய். இதையும் படம் பிடித்து அனுப்பலாம்தான், ஆனால் என் கையெழுத்து அவனுக்கு ஜென்மத்துக்கும் புரியாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, விழுங்கியும் பிரயோஜனம் இல்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனேன், கட்டுப் பிரித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து ஏண்டி இப்படிக் கிழவியாயிட்ட என்றாள். இவளுக்குப் பார்வை வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டவளைச் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது, அம்மா வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கெடக்காத, உன்ன மாதிரி ரசனை உள்ளவங்க நாலு பேரத் தேடிப் புடி என்று சொல்லி, என் போனை வாங்கி அந்தக் குரோஷா பின்னுகிறவர்கள் குரூப்பில் சேர்த்துவிட்டுப் போனாய் அல்லவா. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. நான் பின்னிய தலையணை உறையைப் படம் எடுத்துப் போட்டால் முகம் தெரியாத யார் யாரோ கைதட்டினார்கள். உங்கப்பா முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கைதட்டியதில்லை. பிறகு இந்த ஊரிலேயே இருப்பவர்கள் ஐந்து பேர் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடி அறையில் உட்காருவது என்று முடிவாயிற்று. தையல் டீச்சர், தபாலாபீஸ் அம்மாள், பல் டாக்டர் சம்சாரம், நான், அப்புறம் சந்தேகம். சந்தேகம் என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் எதைத் தொட்டாலும் ஏங்க இந்த இடத்துல ரெண்டு கண்ணி விடணுமா மூணு விடணுமா என்று கேட்பாள். சொல்லிக்கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை அதே வரிசையை அவிழ்த்துக்கொண்டு வந்து அதையே கேட்பாள். வீட்டில் உட்கார்ந்து வேண்டுமென்றே பிரிக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை அவளிடம். நடுநடுவே தன் பிள்ளைகள் பெருமை வேறு, காதில் ரத்தம் வராத குறை.

இப்படியே போனால் நாம் நாலு பேரும் பேசுவது எப்போது என்று தையல் டீச்சர் புலம்பினாள். நான்தான் வழி சொன்னேன். முதலில் அவள் இல்லாமல் தனியாக ஒரு குரூப் போட்டோம். அதில் எப்படிச் சிரிப்போம் தெரியுமா, அவள் எதிரிலேயே போனைப் பார்த்துச் சிரிப்போம், அவளும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பாள். பிறகு, வார்டில் நர்சுகளுக்கு இத்தனை வருஷம் ஷிப்ட் போட்டவள் நான், இவளுக்கும் ஷிப்ட் போட்டேன். இந்த சனி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தாங்க வேண்டும், அடுத்த சனி தபாலாபீஸ், அப்புறம் பல் டாக்டர் சம்சாரம், அப்புறம் நான். மற்ற மூன்று பேரும் ஜன்னலோரம் நிம்மதியாகப் பேசலாம். ரொம்பவும் தாங்கவில்லை என்றால் எழுந்து கிளம்ப ஒரு சாக்கும் சொல்லிக்கொடுத்தேன், அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேங்க என்று. பால் என்றால் யாரும் இரு என்று சொல்ல மாட்டார்கள். பல் டாக்டர் சம்சாரம் உங்க மூளையே மூளை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ தேடிப் பிடிக்கச் சொன்ன ஒத்த மனசுக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று உன்னிடம்கூடப் போனில் சொன்னேன், நீயும் சூப்பர்மா என்றாய்.

போன மாதம் ஒரு சனி என் முறை. வழக்கம்போல் தன் மேஜை விரிப்பில் அவிழ்த்த வரிசையோடு வந்தாள், நான் வழக்கம்போல் சொல்லிக்கொடுத்தேன். நூலை விரலில் சுற்றிக்கொண்டே, எனக்குத் தெரியுங்க, இன்னிக்கு உங்க முறை என்றாள். கோபமே இல்லை குரலில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன முறை, உளறாதீங்க என்றேன். என் புள்ளைங்க ரெண்டு பேரும் இப்படித்தாங்க, ஒரு வாரம் பெரியவன் பேசுவான், ஒரு வாரம் சின்னவன் பேசுவான், சேர்ந்தாப்புல ஒருநாளும் பேசினதில்ல, அத வச்சுத்தான் கண்டுபுடிச்சேன், நீங்க பரவால்லங்க, கடிகாரத்தப் பாக்க மாட்டீங்க என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். உங்களுக்கும் ரெண்டு பேருதானே, அவங்க எப்படி என்று கேட்டாள். என் பிள்ளைகள் அந்த மாதிரி இல்லை, அவர்களை நான் வளர்த்த விதம் வேறு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பால் சாக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைப் பெரிய குரூப்பிலிருந்து தூக்கச் சொல்லி நடத்துகிறவளுக்கு எழுதினேன். எல்லாரையும் பற்றிப் புறம் பேசுகிறாள், கூட்டத்துக்கு ஒத்துவராதவள் என்று எழுதினேன். மற்ற மூவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தூக்கிவிட்டார்கள். அவள் எனக்குத் தனியாக ஒரே ஒரு செய்தி போட்டாள், அந்த மேஜை விரிப்பு முடிஞ்சுடுச்சுங்க என்று, படத்தோடு. அழகாகத்தான் இருந்தது. அவள் எண்ணையும் என் போனில் தடுத்துவைத்துவிட்டேன்.

அப்புறம் வந்த சனிக்கிழமைகளைக் கேள். முதல் சனி டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பாசமாக முட்டியை விசாரித்தாள். அடுத்த சனி தபாலாபீஸ் அம்மாள். ஜன்னலோரம் இருந்த இரண்டு பேரும் போனைப் பார்த்துச் சிரித்தார்கள், என் போன் மேஜைமேல் சத்தமில்லாமல் கிடந்தது. போன சனி பல் டாக்டர் சம்சாரம். நான் அத்தையின் கண் ஆபரேஷனைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து, ஐயையோ அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேங்க என்றாள். என்னிடமே, அடி, என்னிடமே! அவளுக்கு அது யார் சொல்லிக்கொடுத்தது என்பதுகூட மறந்துவிட்டது. போங்க போங்க, பொங்கிடப் போகுது என்றேன்.

மறுநாள் ஞாயிறு, நீ கூப்பிட்டாய். முட்டி என்று நான் ஆரம்பித்ததும், இரும்மா, டெலிவரிக்காரன் பெல் அடிக்கிறான், அப்புறம் பேசறேன் என்றாய். அண்ணன் வீட்டிலும் இதே ஆள்தான் பெல் அடிக்கிறான். நீ ஒரு நாட்டில், அவன் ஒரு நாட்டில், உன் ஊரில் அப்போது நடுராத்திரி. அந்தப் பெல் சத்தம் மட்டும் ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. உன்னிடம் மட்டும் நான் சொன்ன தைலத்தை, தேய்ச்சியாம்மா என்று அடுத்த வாரம் அவன் கேட்கிறான். ஷிப்ட் மாறும்போது நர்சுகள் அப்படித்தான் ஒப்படைப்பார்கள், இந்தக் கட்டில் இன்ன நிலைமை, மற்றபடி தொந்தரவில்லை என்று. ஒழுங்காகத்தான் ஒப்படைக்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். என் வயிற்றில் பிறந்ததுகள், வேலை சுத்தமாகத்தான் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் போட்டிருக்கும் குரூப்பில் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. சந்தேகத்தைவிட நல்ல பெயராக இருக்கட்டும். வயிறு எரிகிறதடி, அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வாரம் அண்ணன் முறை. பதறியடித்துக்கொண்டு கூப்பிடாதே, முறை மாறிக் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். உன் முறை வரும்போது கூப்பிடு, நலம் என்று சொல்கிறேன். சனிக்கிழமை நான் நூலகத்துக்குப் போகத்தான் போகிறேன், நேற்று ராத்திரி என் தலையணை உறையில் ஒரு வரிசையைப் பிரித்து வைத்திருக்கிறேன், டீச்சரிடம் கேட்க வேண்டும்.

கனமான எதையும் தூக்காதே, மாடிப்படியில் நிதானம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சுகமாகப் பெற்றுப் பிழைத்து நீடூழி வாழ வேண்டும். ஆனால் அம்மா பேச்சைக் கேள், ஒன்றோடு நிறுத்திவிடாதே. ஒரே ஆளை வைத்துக்கொண்டு ஷிப்ட் போட முடியாது.

ஆசிகளுடன்,
உன் அம்மா