லேப் பாஸ்வேர்டு

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துது. திருவானைக்காவல் ஸ்டாப்ல நின்னதுக்கே துப்பட்டா நனைஞ்சு போச்சு. லேப்டாப் இன்னும் மன்னார்புரம் ரிப்பேர் கடையில. "போர்டு வரணும் மேடம்"ங்கறான் கடைக்காரன். அதுவரைக்கும் காலேஜ் லேப்தான் கதி.

வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. வெளியிலேர்ந்து எக்ஸாமினர். வாழை இலை போட்டோவைப் பார்த்து என்ன நோய்னு சொல்ற ப்ரோக்ராம். லேப்ல பைத்தான் இருக்கு, போட்டோவைப் படிக்கிற மாட்யூல் இல்ல. இன்ஸ்டால் குடுத்தா அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. லேப் இன்சார்ஜ் செல்வம் சார்: "எச்.ஓ.டி. கையெழுத்தோட லெட்டர் கொண்டாங்கம்மா. ரூல்னா ரூல்தான்."

ப்ரோக்ராம் ஓடலேன்னா அடுத்த செமஸ்டர்ல மறுபடியும் ரிவ்யூ. ஜூன்ல சேர வேண்டிய சென்னை வேலை போயே போச்சு.

மார்ச் 12, புதன்

எச்.ஓ.டி. மீட்டிங்ல. வெளியில பெஞ்சுலயே பொழுது போச்சு. கடிக்க நகம் பாக்கி இல்ல.

செய்ய வேண்டியது: ரிப்போர்ட் பைண்டிங், செருப்பு தைக்க, அம்மா மாத்திரை. ஒண்ணும் பண்ணல.

சாயந்திரம் ஒருவழியா கையெழுத்து. ஓடினேன். செல்வம் சார் கிளம்பிட்டாராம்.

மார்ச் 13, வியாழன்

லெட்டரை நீட்டினேன். படிச்சாரு. மறுபடி படிச்சாரு. அக்கம்பக்கம் பார்த்துட்டு மெதுவா: "பாஸ்வேர்டு என்கிட்ட இல்லைங்கம்மா. முன்னாடி இருந்தவரு சொல்லாமயே வேலையை விட்டுட்டாரு. கேக்கக் கூச்சம். அப்படியே ஓட்டிட்டேன்."

"அப்ப லெட்டர் எதுக்கு சார்?"

"லெட்டர்னு சொன்னா பாதிப் பேரு திரும்பி வரமாட்டாங்க."

கோபம்னா அப்படி ஒரு கோபம். சீட்டுக்கு வந்து நெட்ல தேடினேன். அட்மினே வேண்டாமாம். இன்ஸ்டால் கட்டளையில 'யூசர்'னு ஒரு வார்த்தை சேர்த்தா மாட்யூல் என் லாகின் ஃபோல்டருக்குள்ளயே இறங்கிடுமாம். முதல்ல ஸ்க்ரீன் பூரா சிவப்பு எழுத்து, பைத்தான் பழசு. மாட்யூல்லயும் பழைய வெர்ஷனாத் தேடிப் போட்டேன். இறங்குச்சு.

செ. சார் பின்னாடி நின்னு பார்த்துட்டே இருந்தாரு. அப்புறம் டீ வாங்கிட்டு வந்தாரு. குடிச்சேன். கோபம் மட்டும் போகல.

மார்ச் 14, வெள்ளி

ஓடுச்சு. இலைப்புள்ளி நோயை டக்குனு பிடிச்சுது. எக்ஸாமினர் தலையாட்டினாரு. அப்பாடா.

கிளம்பும்போது எச்.ஓ.டி.: "இந்த மாட்யூல் லேப்ல கிடையாதே. யாரு போட்டுக் குடுத்தது?"

செ. சார் கதவுகிட்ட. மூஞ்சி வெளிறிப் போச்சு. பாவமா இருந்துது. என் வாய் சும்மா இருக்குமா? "செல்வம் சார்தான் சார்."

"வெரி குட். அப்ப எல்லா மெஷின்லயும் போட்டுடுங்க செல்வம். திங்கக்கிழமை அடுத்த பேட்ச்."

போட்டது என் லாகினுக்குள்ள மட்டும். வேற யாரு உக்காந்தாலும் வராது; எல்லாருக்கும் போடணும்னா அந்த அட்மின் பாஸ்வேர்டுதான் வேணும். இப்ப எச்.ஓ.டி.கிட்ட எப்படிச் சொல்றது, எந்த மூஞ்சியோட?

வராண்டாவுல செ. சார் பின்னாடியே வந்தாரு. "ரொம்ப நன்றிங்கம்மா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க?"