பதியாத கைரேகை

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

பேங்க் ஏஜென்ட் தம்பி இன்றைக்கும் கைரேகை மெஷினோடு வருவானாம். உன் தையல் கூலி உன் கணக்கிலேயே விழட்டும் என்றுதான் அவனை வரச் சொன்னேன். மூன்று தடவை வந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் போட்டு, “பாப்பாவுக்கு ரேகை விழலைம்மா, நாளைக்கு வரேன்” என்கிறான்.

நேற்று அவன் கடைக்கே போய் நான் விரல் வைத்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல், வைத்ததுமே பதிந்துவிட்டது. உன் விரலுக்கு மட்டும் என்ன வந்தது? அதைக் கேட்டதற்குத்தானே ராத்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாய்.

இன்றைக்குக் கணக்கைத் தொடங்கிவிடு.

அம்மா

மறந்துவிட்டேன்: அவனுக்கு வேறு ஏதாவது பேச இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போது வரட்டும். அவன் அம்மாவைக் கூட்டி வரட்டும், மெஷின் வேண்டாம்.