நாவப்பழக் கலரா, மண் கலரா

செஞ்சி,
ஐப்பசி, அடைமழை விட்ட மறுநாள்

அன்பு மகன் கமலேஷுக்கு நைனா எழுதுவது. இங்கே உன் அம்மா சௌக்கியம், கடை சௌக்கியம், என்னுடைய வலது கண் ரொம்பவே சௌக்கியம், இடது கண் மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கியதைப் பார்த்தவன் மாதிரி உம்மென்று இருக்கிறது. அதற்கும் வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் என்று உன் அம்மா பாண்டி ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டாள், நான் போகிறேனா இல்லையா என்பதுதான் நேற்று வரைக்கும் வீட்டில் சண்டை. நீ எப்படி இருக்கிறாய், மத்தியானமே இருட்டிவிடுகிறது என்றாயே, இருட்டோடு இருட்டாகச் சாப்பிடாமல் படுத்துவிடாதே. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் குழம்பு வைத்தாயா, சாக்ஸ் போட்டாயா என்று அவளே கேட்டு அவளே முடித்துவிடுகிறாள். அதோடு இந்தப் பார்சலுக்குள் ஒரு போர்வை இருக்கிறது, பிரித்ததும் இது என்ன கண்ராவி என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. ஊசியத் தொடவே தோணல நைனா, அடுத்து இன்னா பின்றதுன்னே தெரியல, மண்ட காலியா இருக்குது என்றாய். ஆம்பளைப் பிள்ளை நார்வே வரைக்கும் போய் உல்லன் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது உண்மை, பஜாரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது நீ அதை விட்டுவிடுவாயோ என்று கவலையாக இருக்கிறது, பார்த்தாயா. யோசனை எங்கிருந்து வரும் என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும், நான் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறவன். யாரோ எடுத்த புடவைக்கு யாரோ நெய்த ஜாக்கெட் துணியைச் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு, இதில் சொந்த யோசனைக்கு இடமே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீ பின்னி அனுப்பிய மப்ளர் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டது.

அது வந்தது கத்திரி வெயிலில். ரோட்டில் தார் உருகுகிறது, இவன் மப்ளர் அனுப்பியிருக்கிறான் பார் என்று சிரித்தபடிதான் பிரித்தேன். பரவாயில்லை, பையன் நல்லாத்தான் பின்னியிருக்கான், ஆனா ஏன் இப்படி மண் கலர் எடுத்தான் என்றேன். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, மண் கலரா, நாவப்பழக் கலரு அது, உங்களுக்கு இன்னா ஆச்சி என்றாள். எனக்குக் கோபம் வந்ததே ஒரு கோபம், ராமர் பச்சைக்கும் பாட்டில் பச்சைக்கும் நடுவில் ஆறு பச்சை வைத்திருப்பவனிடம் கலர் பேசுகிறாளே என்று. ட்யூப் லைட்டில் எந்தக் கலரையும் நம்பாதே, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார் என்பதுதானே நம் கடைச் சட்டம், மப்ளரைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கே போய்விட்டேன். எதிர் பாத்திரக் கடைக்காரர் நாவப்பழம் என்றார், நம் கடையில் துணி கிழிக்கிற அன்புக்கரசி நாவப்பழம் என்றாள், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத அம்மாகூட இது இன்னா கேள்வி, நாவப்பழம்தானே என்றுவிட்டுப் போனது. ஊரே ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். அன்றைக்குச் சாயங்காலமே உன் அம்மா என்னைப் பாண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இரண்டு கண்ணிலும் புரை, பல வருஷமாக மெதுவாக வந்திருக்கிறது, எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கிறது என்றார் டாக்டர்.

வலது கண் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், கட்டைப் பிரித்ததும் நான் பார்த்தது என்ன என்று உனக்குச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி ஜொலித்தது. இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய பேப்பர் நிறம். அடேயப்பா, ஒரே சுவருக்கு இரண்டு நிறம், இரண்டும் என் தலைக்குள்ளேயே இருக்கிறது! வீட்டுக்கு வந்தும் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. தட்டில் சோற்றை ஒரு கண்ணால் பார்ப்பேன், மறு கண்ணால் பார்ப்பேன், மார்க்கெட் கமிட்டி வாசலில் ஏலத்துக்குக் கொட்டி வைத்த மல்லாட்டைக் கடலையைப் பார்ப்பேன், எருமையைப் பார்ப்பேன், எருமை எதில் பார்த்தாலும் எருமையாகத்தான் இருக்கிறது. இந்தக் கூத்தில் ஒரு நாள் பூக்கடை பூவாயியின் கனகாம்பரத்தை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பூவாயி அன்புக்கரசியிடம், உங்க மொதலாளிக்கு இன்னாடி ஆச்சி, வயசான காலத்துல கண்ணடிச்சிக்கினு நிக்கிறாரு என்று கேட்டு, அது உன் அம்மா காதுக்கு வந்து, மூன்று நாள் எனக்கு ரசம்தான்.

அதோடு கடைக்குப் போகக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது போகாமல் கடையில் சேர்ந்த துண்டுத் துணி மூட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். ஒத்த கலரை எல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்த்தேன், இடது கண்ணால்தான், பழகின கண் அதுதானே. எல்லாம் கனகச்சிதம். பிறகு வலது கண்ணால் பார்த்தேன், திக்கென்றது. வெங்காயத்தோல் கலர் என்று சேர்த்த ஜோடியில் ஒன்று ரோஸாக ஓடுகிறது, ஒன்று சாம்பலாக நிற்கிறது, மயில்கழுத்துக்குப் பக்கத்தில் வெறும் பச்சை உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது கமலேஷ், மறைப்பானேன். எத்தனை கல்யாணப் புடவைக்கு, எத்தனை வளைகாப்புப் புடவைக்கு இந்தக் கையால் கிழித்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவும் தப்பா என்று ஆடிப்போய்விட்டேன். வாசலில் வைத்து அவங்களும் பார்த்துதானே வாங்கினு போனாங்க, அவங்க கண்ணு கூடவா கெட்டுப் போச்சி என்றாள் உன் அம்மா. நியாயம்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தத் தப்பு ஜோடிகளை எல்லாம் ஒரு மூலையில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்து வந்து பார்த்தால் மிஷின் ஓடுகிற சத்தம். மூலையில் தள்ளினதை எல்லாம் எடுத்து அம்மா ஒன்றோடு ஒன்று மூட்டிக்கொண்டிருக்கிறாள், கால்மிதிக்கு ஆகட்டுமே என்று. கிட்டப் போய்ப் பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். சரியாகச் சேர்ந்த ஜோடிகளைத் தைத்திருந்தால் ஒரே துணி மாதிரி மொண்ணையாக இருந்திருக்கும். தப்பாகச் சேர்ந்தது பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. ஏய் ஞானம், கால்மிதி வேணாம், போர்வையா தையி என்றேன். அப்புறம் எங்களுக்கு அதுவே வேலையாகிவிட்டது. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தால் அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் மலையில் பாறைக்கு மேல் பாறை பிடிமானமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து பெரிய துண்டைச் சின்னத் துண்டின் மேல் சாய்த்து வைத்தாள். இன்னொரு நாள் பனமலை ஏரிக்கரையில் கருவேல மரம் முழுக்கக் கொக்கு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, பச்சைக்கு நடுவில் வெள்ளையைத் தெளித்தாள். முப்பது வருஷமாக அந்த வழியாகத்தான் அவள் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறோம், அந்தக் கொக்கு ஒரு நாளும் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. கையில் துணி இருந்ததால்தான் அது கண்ணில் பட்டதா, இல்லை கண்ணில் பட்டதால் கை ஓடியதா, எது முந்தி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது.

இடது கண் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஆவணியிலேயே வரச் சொன்னார்கள், நான்தான் தள்ளிப்போட்டேன். பயம் ஊசிக்கு இல்லை. என் தொழில் முழுக்க அந்தக் கண்ணில்தான் இருக்கிறது, அதையும் மாற்றிவிட்டால் கல்லாவில் உட்கார்ந்து எந்தத் தைரியத்தில் ஒரு துணியை எடுத்து இதுதான் என்று நீட்டுவேன், நாளைக்கு எவளாவது இன்னாண்ணா இது சேரலையே என்றால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன். இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். போன வாரம் போனில் அவள் உன்னைக் கேட்டாளே, அந்த மப்ளருக்கு எங்கடா அப்படி ஒரு கலர் புடிச்ச என்று. கடை வாசல்ல நின்னா சாயங்காலத்துல ராஜகிரி மலை தெரியும்ல, அந்தக் கலரு, கடை கடையா ஏறித் தேடி எடுத்தம்மா என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நேற்று மழை விட்டது. சாயங்காலம் மப்ளரை எடுத்துக்கொண்டு கடை வாசலில் போய் நின்றேன். மழையில் கழுவின மலை, பின்னால் வெயில் இறங்குகிறது. கையை நீட்டி மப்ளரை மலைக்கு நேராகப் பிடித்து இடது கண்ணை மூடினேன். மலை நாவப்பழம், மப்ளர் நாவப்பழம். வலது கண்ணை மூடினேன். மலை மண், மப்ளரும் அதே மண். மறுபடி மாற்றி மாற்றிப் பார்த்தேன், நூல் அளவு பிசகவில்லை. அன்புக்கரசி உள்ளேயிருந்து, அண்ணா மறுபடி கண்ணடிக்கிறீங்களா, பூவாயி பாக்குது என்று கத்தினாள், கத்தட்டும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மேட்சிங் நான் கொடுத்ததில்லைடா. எந்த ஊரிலோ பனிக்கு நடுவில் நின்றுகொண்டு, வெறும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கண்ணால் பார்த்தாலும் தப்பாத கலரை எடுத்திருக்கிறாய். என் இரண்டு கண்ணும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். சரியாகச் சேர்ந்தது எந்தக் கண்ணுக்கும் சேர்ந்துதான் இருக்கும் என்று அங்கேயே மனசு இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து திங்கக்கிழமை போலாம் ஞானம் என்றேன். உன் அம்மா ராத்திரிக்கு வடை சுட்டாள்.

போர்வையைப் பழைய கண் இருக்கும்போதே இன்னொரு தடவை ஆசை தீரப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன், அதைப் போர்த்திக்கொள், சும்மா மடித்து பீரோவில் வைக்காதே. வெந்நீரில் போடாதே, அரக்குக் கலர்த் துண்டெல்லாம் சாயம் போகும். ராத்திரியில் காதை மூடிக்கொண்டு படு, வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. பார்சலில் மல்லாட்டை உருண்டை இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. என்ன பின்னுவது என்று கேட்டாயே, குல்லா பின்னு, கையுறை பின்னு, எது வேண்டுமானாலும் பின்னு, ஒன்றே ஒன்று, எதைப் பார்த்து அந்தக் கலர் எடுத்தாய் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லாதே, அம்மா கேட்டாலும் சொல்லாதே. அது வந்து சேரும்போது எனக்கு இரண்டும் புதுக் கண்ணாக இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊர் முழுக்கச் சுற்றி எதோடு சேருகிறது என்று நானே கண்டுபிடிக்கிறேன்.

எல்லா நலத்தோடும் நீ நூறு வருஷம் இருக்க மலைமேல் ரங்கநாதரை வேண்டிக்கொண்டு,

உன் நைனா
கோவிந்தராஜ்

அம்மா சேர்த்து எழுதச் சொன்னது: சாக்ஸ் போட்டாயா.