ஈஸ்வரிக்குக் குடுத்த ட்யூப்

ஜனவரி 9
விஜயலட்சுமி டீச்சர் போன். அவங்க வீட்டுக்காரருக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். மேக்கப் என்கிட்டதான்னு தீபாவளிக்கே சொல்லியிருந்தாங்க. இன்னிக்கு, "கோவிச்சுக்காதீங்கம்மா, ஈஸ்வரிகிட்ட சொல்லிட்டோம். உங்க க்ரீமெல்லாம் சிலிகானாமே, தோல் வெந்துடுமாமே?"

வெந்துடுமாம்! என் பார்லர்ல புருவம் எடுக்கக் கத்துக்கிட்டவ. எதிர் வரிசையிலயே கடை போட்டு என் கஸ்டமரை ஒவ்வொருத்தரா இழுத்தாச்சு. இப்ப என் வாயில மண்ணைப் போடுறா. இருடி, உனக்கு இருக்கு.

ஜனவரி 10
சிலிகான் என்ன விஷமா? க்ரீம் கெட்டியா, தண்ணி வேற எண்ணெய் வேறன்னு பிரியாம இருக்கத்தான் சேர்க்கிறாங்க. திருக்கடையூர்ல கலசத் தண்ணியைக் குடம் குடமா தலையில ஊத்துவாங்க. இயற்கைன்னு அவ பூசுற கத்தாழை ஜெல் நிக்குமா?

ஜனவரி 13
போகி. தெருவே பழசை எரிச்சுது. என் வயிறு தனியா எரிஞ்சுது.

பிப்ரவரி 2
திருக்கடையூர். வேற ஒரு ஜோடிக்காக நானும் போயிருந்தேன். டீச்சர் வீட்டு விசேஷமும் இன்னிக்குத்தான், அதே லாட்ஜ். விடியக்காலையில கதவைத் தட்டுறது யாருன்னு பார்த்தா — ஈஸ்வரி!

"அக்கா, நேத்து கார்ல வெயில்ல கிடந்து ஜெல் பூரா தண்ணியா பிரிஞ்சுபோச்சு. அடிப்பூச்சுக்கு உங்க ப்ரைமர் கொஞ்சம் குடுங்க. உங்க கால்ல விழறேன்."

என் சிலிகான் ப்ரைமரா? தோல் வெந்துடுமேடி!

சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். அது மேல சிலிகான் பவுண்டேஷன் போட்டாத்தான் ஒட்டும். அவ வச்சிருக்கிறது தண்ணி பவுண்டேஷன். தேய்க்கத் தேய்க்க ரப்பர் தூள் மாதிரி உருண்டு உதிரும். என்கிட்ட இருந்தப்ப ரெண்டுமே சிலிகான், அதனால அவளுக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லணும்? உதிரட்டும். ஊரே பார்க்கட்டும்.

பார்த்துச்சு. ஹோமத்துக்கு முன்னாடி டீச்சர் கன்னமெல்லாம் திட்டுத் திட்டா உருண்டை. கேமராக்காரர் கேமராவை இறக்கிட்டார். ஈஸ்வரி மூஞ்சில ஈயாடல. ஆகா! அந்த ஒரு நிமிஷம் போதும்னு இருந்துச்சு.

டீச்சர் அழுதுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் துண்டைச் சொம்புத் தண்ணியில நனைச்சார். "இந்தக் கண்றாவி எதுக்குடி? எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியே போதும்"னு அவரே துடைச்சுவிட்டார். டீச்சர் அழுகையோட சிரிச்சாங்க. கேமராக்காரர் மறுபடி கேமராவைத் தூக்கினார்.

பிப்ரவரி 5
துடைச்ச மூஞ்சியோட டீச்சர் சிரிக்கிற அந்த போட்டோ மயிலாடுதுறை பூரா ஸ்டேட்டஸ்ல ஓடுது. ஈஸ்வரி தன் பேஜ்ல எழுதியிருக்கா: "பூச்சே தெரியாத அலங்காரம்." அடிப்பாவி! பூச்சே இல்லையேடி!

பிப்ரவரி 11
ட்யூபைத் திருப்பி அனுப்பினா. கூட அசோகா அல்வா. "எல்லாம் அக்கா புண்ணியம்"னு சொல்லி விட்டாளாம். எனக்கே அல்வா. நான் செஞ்சது தெரிஞ்சுதான் அனுப்பினாளா? தின்னேன். நெய் தாராளம்.

மே 20
சித்திரை பூரா நாற்காலி காலி. இன்னிக்கு ஈஸ்வரி போன். "அக்கா, வைகாசி முகூர்த்தத்துக்கு எனக்கு நாளே இல்ல. ஒரு பொண்ணை உங்ககிட்ட அனுப்பட்டா?"

போடி, உன் பிச்சை யாருக்கு வேணும்? — மனசு சொன்னது இது. வாய், "அனுப்பு"ன்னுடுச்சு.

பொண்ணு சாயங்காலமே வந்துட்டா. உட்காரக்கூட இல்ல. "அக்கா, நீங்க சிலிகான் போட மாட்டீங்கல்ல?"

கண்ணாடி முன்னாடி இருந்த ட்யூபை ட்ராயருக்குள்ள தள்ளினேன்.

"சேச்சே"ன்னேன்.