ஹாலந்தில் ஃபீட்ஸ், ஒரகடத்தில் சைக்கிள்

கனிஷ்கா அப்பாவுக்கு,

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறீர்கள். எழுப்பினால் சண்டைதான் வரும், அதனால் எழுதி வைக்கிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உங்கள் ஹாலந்து டிரெயினிங் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் பதினொரு மணிக்கு விசாரிக்க வருவார். ரேஷன் கார்டு டிவி மேல் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அங்க சைக்கிளுக்கு ஃபீட்ஸ்னு பேரு. மேனேஜரே ஃபீட்ஸ்லதான் வேலைக்குப் போவாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். என் சைக்கிளைப் போன மாதம் என்னைக் கேட்காமலே சேரப்பணஞ்சேரியில் உங்கள் அக்கா வீட்டில் விட்டது யார்? "லைன் லீடர் பொண்டாட்டி சைக்கிள்ல போனா நாலு பேரு என்ன நினைப்பாவ?" என்று கேட்டது யார்? அன்றிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறேன். மூன்று நாள் லேட். டச்சுக்காரர் ஓட்டினால் கௌரவம், நான் ஓட்டினால் கேவலமா?

"அம்மா ஃபீட்ஸ் எங்கப்பா?" என்று பாப்பா கேட்டதற்கு டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

இன்று வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் சைக்கிளோடுதான் வருவேன். அக்காவிடம் பேசிவிட்டேன்.

உலகம்மாள்

மூன்றரை மணிக்கு பாப்பாவை ஸ்கூலிலிருந்து கூட்டி வாருங்கள்.

இன்னொன்று. அங்கே தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போக ஃபீட்ஸ்தான் தருவார்கள் என்று உங்கள் டிரெயினிங் லெட்டரில் பார்த்தேன். உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வருவதற்குள் ஏரிப் பக்கம் போவோம். நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன்.