காதுகுத்துக்கு வந்த பொன்

என் அய்யா முத்துராசு,

அன்னைக்குப் பேரையூர்ப் பக்கம் நம்ம குலசாமி கோயில் புளியமரத்தடியில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்கு மறக்கவில்லை. உன் அக்கா மூக்கம்மா, அவள் புருசன் சின்னச்சாமி, காது குத்த வந்த ஆறுமுகம் ஆசாரி, நான். உன் மடியில் மொட்டைத் தலையோடு என் பேத்தி பேச்சி.

பர்மாச் சண்டையிலிருந்து நீ முழுசாத் திரும்பி வந்ததே எனக்குப் போதும். சின்னச்சாமிதான் கேலி பண்ணினான். "தாய்மாமன் சீரு எங்க மாப்ள? சண்டைக்குப் போனவன் வெறுங்கையோடயா வருவான்?"

நீ சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டு டப்பாவை எடுத்து ஆசாரி கையில் கவிழ்த்தாய். "ஒரு சோடிக் கம்மல் தேறுமாண்ணே?"

ஆசாரி வெயிலில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பல்லுல்ல?"

"ஜப்பான்காரன் கட்டியிருந்த தங்கப்பல்லு. செத்துக் கிடந்தவன்தான். எங்க ஆளுக எல்லாரும் எடுத்தாக."

என் பால் குடிச்ச பிள்ளைதானா இது? அந்த வாயை எதை வைத்துத் திறந்தாய், அய்யா?

"அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பாடா" என்றேன். அதைக் கேட்டதும் எல்லாத்தையும் திரும்ப டப்பாவுக்குள் அள்ளிப் போட்டாய். "என்னால முடியல மச்சான், நீங்க கண்மாய்க்கரையில பொதைச்சிருங்க" என்று டப்பாவைச் சின்னச்சாமியிடம் கொடுத்தாய். பேச்சிக்குச் செம்புக் கம்பிதான் போட்டோம்.

அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோச்சு. கடைசியாக நீ கேட்டதும் அதுதான். "பொதைச்சாச்சா மச்சான்?" அவன் உன் தலையில் கை வைத்து, "பொதைச்சாச்சு மாப்ள" என்றான்.

பேச்சி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். போன வாரம் வந்தாள். காதில் புதுக் கம்மல்.

"ஏதுடீ இது?"

"மாமன் கொண்டாந்த பொன்னு, அம்மாச்சி. அப்பாதான் செஞ்சு போட்டாக."

பின்னாலேயே வந்த சின்னச்சாமி பல்லைக் காட்டினான். "உருக்கின பெறகு பல்லு ஏது அத்தை? தங்கம்தான?"

பிள்ளை கதறக் கதறக் கழற்றினேன். என் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். பேச்சிக்கு அதில் ஒரு சோடிக் கம்மல் ஆகும்.

அந்தக் கம்மல் என் முந்தியில் முடிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை உன் குழிமேட்டுக்கு வாரேன். யாரையும் ஏவ மாட்டேன், என் கையாலேயே உன் தலைமாட்டில் தோண்டிப் புதைப்பேன். அங்கே அந்த ஜப்பான்காரனைப் பார்த்தால், அவன் பொருளை அவன் கையில் கொடுத்துரு, அய்யா.

உன்னைப் பெத்தவ,
சாகும்வரை சின்னச்சாமியை மன்னிக்காதவ.