ஒரு கட்டுரைக்கு இரண்டு பெயர்தான்

20.1.2025, திங்கள்

பிப்ரவரி ஆறாம் தேதி துறையில் தேசியக் கருத்தரங்கு. நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பெண் எழுத்தாளரைக் கொண்டாடப் போகிறோமாம். ராஜபாளையத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் எனக்கு மட்டும்தான். ஐந்து வருஷமாக அவளைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது, அதற்குள் ஏதாவது நடத்திக் காட்ட வேண்டும், தலைப்பு என்னிடம் தயாராக இருந்தது. அவ்வளவுதான் கொண்டாட்டம்.

என் வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார் அவளை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. “ஒன் சாப்டர் ஒண்ண கட்டுரையாக்கிரும்மா. என் பேரு மொதல்ல, ஒன் பேரு ரெண்டாவது” என்றார். எல்லா வழிகாட்டிகளும் செய்வதுதான். சரி என்றேன்.

23.1

பிளெக்ஸ் வந்துவிட்டது. தாளாளர் படம் ஆள் உயரம். அவள் படம் மூலையில், பாஸ்போர்ட் சைஸ்.

27.1, திங்கள்

கட்டுரைத் தொகுப்பு நூல் வேலை என் தலையில். வந்தது ஐம்பத்தெட்டு. அதில் ஒன்பது ஒரே கட்டுரை, தலைப்புதான் வேறு. சாரிடம் காட்டினேன். “படிச்சுக்கிட்டு இருக்காதம்மா, அடுக்கு.”

என்னுடையதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் ஒவ்வொரு முன்னுரையிலும், பெண்ணாய்ப் பிறந்துவிட்டு எழுத வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். மன்னிப்புக் கேட்டுக் கேட்டே பதினோரு புத்தகம் போட்டுவிட்டாள். அதைப் பணிவு என்று எப்படிச் சொல்வது? சாமர்த்தியம். இதுதான் என் கட்டுரை. இதை வேறு யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

நன்றாக எழுதியிருக்கிறேன். இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

31.1, வெள்ளி

தாளாளரின் மருமகள் ஜெயசித்ரா மேடமும் சாரிடம் பகுதிநேர ஆய்வு மாணவி. அவர் பெயரில் ஒரு கட்டுரையும் இல்லை. “நம்ம கட்டுரைல அவங்க பேரச் சேத்துரும்மா” என்றார் சார்.

“சரி சார். மூணாவதாப் போட்டுருதேன்.”

“ஒரு கட்டுரைக்கு ரெண்டு பேருதான். சுற்றறிக்கையே நீதான அடிச்ச?”

முதலில் புரியவில்லை. அழிக்க வேண்டியது என் பெயர். அழிக்க வேண்டிய ஆளும் நான்.

“சினாப்சிஸ்ல கையெழுத்து கேட்டேல்ல? கருத்தரங்கு முடியட்டும். இருபத்தெட்டுதான கடைசித் தேதி?” சிரித்துக்கொண்டே சொன்னார். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்து. அது அவருக்கும் தெரியும்.

அம்மா பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை, கொட்டிவிட்டேன். “ஏட்டி, மொதல்ல கையெழுத்த வாங்கு. டாக்டர்னு போட்டா அதுல ஒன் பேருதான வரும்? அவன் பேரா வரப்போகுது?”

அம்மா சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

1.2, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராம்கி அண்ணன் டிடிபி கடை. கடைசியாகப் பார்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துல பேரு மாத்தணும்னியே பாப்பா. எத எடுக்க?”

“சார் பேர எடுத்துருங்கண்ணே. என் பேர மட்டும் போடுங்க.”

“ஒத்தப் பேரா?”

“ஒத்தப் பேரு.”

நாலு தட்டு தட்டினார். முடிந்தது. எம்புட்டு லேசு!

பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் உறைத்தது. பைத்தியமாடி உனக்கு? அஞ்சு வருசம்டி—

6.2, வியாழன்

பட்டுச்சேலை கட்டி வரச் சொன்னார்கள். காலையிலிருந்து வாசலில் நானும் பிரிஸ்கில்லாவும். இரண்டு பேரும் முழுநேர ஆய்வு மாணவிகள். அவள் கையில் சந்தனக் கிண்ணம், என் கையில் பன்னீர்ச் செம்பு. “இதுக்குத்தான் நெட் பரீட்சை எழுதுனோமா மாரி?” என்றாள். ஆண் ஆய்வாளர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் எங்கள் எழுத்தாளர் படத்துக்கு மாலை. அலுவலக உதவியாளர் ஆண்டிச்சாமி அண்ணன் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். “என்னண்ணே இது?” “பொட்டு இல்லாம எப்பிடித் தாயி மாலை போட?” இன்று அவளை நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

நூல் வெளியீடு. வண்ணத்தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. தாளாளர் பிரித்தார், முதல் பிரதியை முதல்வர் வாங்கினார், பத்துப் பேர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் — ஒரே ஆள் — பக்கம் புரட்டினால் போதும்.

யாரும் புரட்டவில்லை.

மதியத்துக்கு முன் சார் என் கட்டுரையைத் தட்டச்சுத் தாளைப் பார்த்து வாசித்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் நடுவில் மூன்று பக்கத்தைத் தாண்டினார். கைதட்டினார்கள். சான்றிதழும் பால்கோவா டப்பாவும் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

7.2

இன்றும் ஒருத்தரும் திறக்கவில்லை. மாட்டிக்கொள்வேனென்று பயந்தேன். மாட்டவில்லையே என்று இப்போது ஆத்திரமாக வருகிறது.

18.2, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். பதவி உயர்வுக் கோப்பில் வைக்க அந்தப் பக்கத்தை நகல் எடுக்கப் போயிருக்கிறார் சார்.

கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். “எங்கிட்டயே வெளையாடுதியா? தாளாளருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“நான்தான சார் எழுதுனேன்.”

“யாரு இல்லன்னா?” என்றார். இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

என் கவனக்குறைவால் பெயர் தவறாக அச்சாகிவிட்டது என்று கடிதம் வேண்டுமாம். மிச்சமிருக்கும் தொண்ணூறு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டுமாம்.

21.2

எழுத மாட்டேன்.

24.2

எழுத மாட்டேன். வேறு வழிகாட்டிக்கு மாற முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். முடியுமாம். இப்போதைய வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்.

27.2, வியாழன்

எழுதிவிட்டேன். நாலு வரி. அவர் படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டு சினாப்சிஸில் கையெழுத்துப் போட்டார். “நல்லா வருவம்மா நீ” என்றார்.

அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது.

4.3, செவ்வாய்

இன்று ஒட்டினேன். வாய்மொழித் தேர்வு முடியும்வரை அவர் தயவு வேண்டும். சீட்டு என் பெயரைச் சரியாக மறைக்கும் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. அதில் அவர் பெயர், ஜெயசித்ரா மேடம் பெயர்.

நாலு மணிக்கு மேடமே துறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு பசைக் குப்பியை எடுத்துக்கொண்டார். தன் பெயரைத் தானே ஒட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்க? வீட்டுல மாமா கேட்டாக. நான் முழிச்சேன்.”

“பத்துப் பக்கந்தான மேடம், படிங்க.”

“படிக்க எங்க விடுதாக? நீ சொல்லேன்.”

சொன்னேன். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். மன்னிப்பு, முன்னுரை, பதினோரு புத்தகம், சார் தாண்டிய அந்த மூன்று பக்கம் எல்லாம். அவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்.

“பதினோரு புத்தகமா! ஆமா, அவ புருசன் ஒண்ணையாவது படிச்சானா?”

ஐந்து வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

“தெரியல மேடம்.”

“பாத்துச் சொல்லு.”

கீழே கார் ஹாரன். உடனே எழுந்துவிட்டார். விரலில் இருந்த பசையைக் கைக்குட்டையில் துடைத்தார். “பேரப் போடச் சொல்லி நான் கேக்கல மாரிச்செல்வி. நேத்துதான் எங்கிட்டயே சொன்னாக.” மறுபடியும் ஹாரன். போய்விட்டார்.

மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன், தொண்ணூறும். பிறகு கணினியைத் திறந்து அவளுடைய கடிதங்களை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஆய்வேடு முடிந்துவிட்டது. இதில் எது கிடைத்தாலும் இனி யார் பெயரிலும் போட வேண்டியதில்லை.

நான் வீட்டுக்குப் போகும் ஐந்தரை மணி மம்சாபுரம் பஸ் போய்விட்டது.